ஞானையனுக்கு நான் எழுதிய மரணம்

ராஜாக்கமங்கலம்,
19.06.2011

அன்புள்ள லிஜினுக்கு,

"சாரே, எங்க அப்பா எத்தன தடவ சாவணும்?" என்று நீ என்னிடம் கேட்டாய். 2007 ஆகஸ்ட், ஒரு சனிக்கிழமை, காலை பத்தரை மணி. ஜங்ஷனில் ராஜையனின் டெலிபோன் பூத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே உன் தாய்மாமன்மார் மூன்று பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லைன் சரியில்லாததுபோல ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மக்கா. சவூதியில், தம்மாமில் நீ மூச்சு விட்டதுகூட எனக்குக் கேட்டது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று சொல்லி, மறுநாள் பதிலோடு வகுப்புக்குப் போவது என் வழக்கம். உனக்கு அது நினைவிருக்கும். உன் கேள்விக்கு நாலு வருடம் ஆகிவிட்டது. நலமா என்று உன்னைக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்பதே சந்தேகமாக இருக்கும்போது, பதிலை எங்கே போய்த் தேட? ஆனாலும் எழுதாமல் இருக்க முடியாத ஒரு காரியம் என் வாசலுக்கு வந்திருக்கிறது.

உன் விலாசத்தை லீமாதான் தந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரைத் துறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். உன் தங்கை என்னை உட்காரச் சொல்லி, சாயா போட்டுத் தந்து, நான் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீங்க எழுதினா அவன் கிழிச்சுப் போடுவான் சாரே. ஆனாலும் எழுதுங்க. கிழிக்கதுக்கு முன்னால ரெண்டு வரியாவது வாசிப்பான்" என்றாள். நீ இப்போது மூன்றாவது பாராவுக்கு வந்திருந்தால், லீமா சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே எனக்குக் கிடைத்திருக்கிறது.

விஷயம் அனீஷைப் பற்றியது. உங்கள் கம்பெனியில் எலக்ட்ரீஷியன். பகவதியம்மாளின் மகன், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவன் அங்கே வந்து மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகின்றன. ஊருக்கு வர லீவு கேட்டு இரண்டு முறை பாரம் எழுதிக் கொடுத்தானாம். இரண்டு முறையும் லீவு மேசையில் இருக்கிறவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். காரணம் என்ற கட்டத்தில் அனீஷ் 'வீட்டுக்குப் போக' என்று எழுதியிருந்தானாம். "வீட்டுக்குப் போறது ஒரு காரணமாலே? ஆரு செத்தா? சர்டிபிகேட்டக் கொண்டா" என்று அவர் கேட்டாராம்.

இதைப் பகவதியம்மாள் என் வீட்டு முற்றத்தில் நின்று சொன்னாள். லீவு மேசையில் இருக்கிறவர் யார் என்று கேட்டேன். "நம்ம துறைக்காரப் பயதான் சாரே, ஞானையனுக்க மகன் லிஜின்" என்றாள். சொல்லிவிட்டு அவளுக்கே ஏதோ உறைத்துப்போய், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் என்னிடம் எதற்கு வந்தாள் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. "என்னைய சீரியஸ்னு ஒரு பேக்ஸ் எழுதித் தாங்க" என்றாள். நான் இப்போதெல்லாம் அப்படி எழுதுவதில்லை என்றேன். "சீரியஸ் போராதுன்னா கொன்னே எழுதுங்க. பேப்பரிலதானே சாவப் போறேன், எனக்கு என்ன நோவுது?" என்று சிரித்தாள். அறுபத்திரண்டு வயது. அன்று காலையில்தான் வயலிலிருந்து ஒரு கட்டுப் புல்லைத் தலையில் சுமந்து வந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லிஜின், நான் அப்படி எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன் தெரியுமா? தந்தி காலத்திலிருந்து சேர்த்தால் முப்பத்தொன்று. ஆங்கிலம் எழுதத் தெரிந்த வாத்தியார் என்று கடற்கரையிலிருந்தும் வயற்காட்டிலிருந்தும் என்னிடம் வருவார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை, வீடு பால்காய்ப்பு, தங்கச்சி கல்யாணம், கோவில் கொடை, பெருநாள் என்று வந்து நிற்பார்கள். கம்பெனிக்காரன் கல்யாணத்துக்கு விடமாட்டான், சாவுக்குத்தான் விடுவான் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பாடம். யாரைக் கொல்வது என்பதில் வீட்டுக்குள் சண்டையே நடக்கும். மகனுக்கு லீவு வாங்க வந்த ஒருத்தி தன் மாமியாரைத்தான் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தாள். பாட்டிக்கெல்லாம் லீவு தரமாட்டார்கள், தகப்பன், தாய், மனைவி, பிள்ளை மட்டும்தான் என்று நான் பொறுமையாக விளக்கினேன். பிள்ளையை எழுதமாட்டேன் என்று ஒரு விரதம் வேறு வைத்திருந்தேன். அந்த அளவுக்கு நான் நல்லவன்.

பேப்பரில் செத்தவர்களுக்கென்று நம் ஊரில் ஒரு பரிகாரமும் இருந்தது. துறைக்காரர்கள் அன்று மாலையே மாதா கோவிலில் தங்கள் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். இந்தப் பக்கத்து ஆட்கள் அம்மன் கோவிலில் ஒரு தேங்காய் உடைப்பார்கள். எழுதினவனுக்குப் பரிகாரம் எதுவும் கிடையாது. அப்போது எனக்கு அது ஒரு குறையாகவும் தோன்றவில்லை.

இப்போது வெளியே இறங்கினால் நான் கொன்றவர்கள் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். முத்துக்கனி மீன் கூடையை இறக்கி வைத்து, "சாரே, நெத்திலி வேணுமா?" என்று கேட்கும்போது, 1998 செப்டம்பரில் மாரடைப்பு என்று நான் எழுதிய வரி அவள் நெற்றியில் தெரிகிறது. அவர்களில் சிலர் அதற்குப் பிறகு நிஜமாகவே போய்ச் சேர்ந்தார்கள். வயதாகி, நோய் வந்து, எல்லோரும் போவதுபோலத்தான் போனார்கள். ஆனால் அந்தத் துட்டி வீடுகளுக்குப் போய் உட்கார என்னால் முடிவதில்லை. அந்தச் செய்தியை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டவன் அல்லவா? வாசல் வரை போய், செருப்பைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். என் மனைவி சொர்ணம்மாள்தான் என்னுடைய பங்குக்கும் சேர்த்துப் போய் வருகிறாள்.

உன் அப்பாவைப் பற்றி எழுதுவதற்குத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

2005 ஏப்ரல். உனக்கு அங்கே இரண்டு வருடம் முடிந்திருந்தது. லீமாவுக்கு மே முதல் வாரம் கல்யாணம் குறித்தாயிற்று. வேலை முடியட்டும், அதுவரை லீவு இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டதாக நீ போனில் அழுதாய். நான் முதலில் தகப்பனார் கவலைக்கிடம் என்று ஒரு பேக்ஸ் அனுப்பினேன். நாலு நாள் பதில் இல்லை. ஏப்ரல் 18, திங்கட்கிழமை, தகப்பனார் காலமானார் என்று அனுப்பினேன். மறுநாளே உனக்குப் பதினைந்து நாள் அவசர விடுப்பு கிடைத்தது.

அன்று மாலை உன் அப்பா என் வீட்டுக்கு வந்தார். கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நேராக வருவதாகச் சொன்னார். முற்றத்தில் நின்று, "சாரே, செத்தவனுக்கு ஒரு சாயா உண்டா?" என்று கேட்டார். நானும் சொர்ணம்மாளும் விழுந்து விழுந்து சிரித்தோம். சீனி கூடுதலாகப் போடச் சொன்னார். செத்த பிறகு சர்க்கரை வியாதிக்குப் பயப்பட வேண்டாமே என்றார். அடுத்த இரண்டு வாரமும் கடற்கரையில் கூட்டாளிகள் அவரை "லேய் பிரேதம், வலையப் பிடி" என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் அதை ஒரு பட்டம்போலச் சுமந்து திரிந்தார்.

அதுவரைக்கும் எல்லாம் வேடிக்கை. அடுத்ததைச் செய்ததும் நான்தான். நீ அறியாத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கல்யாண ஆல்பத்தில் அப்பா இருக்க வேண்டாம் என்று உன் வீட்டில் முடிவானதே, அதை உன் மாமன்மார் சொன்னதாக நீ நினைத்திருப்பாய். சொன்னது நான். அந்த ஆல்பத்தை நீ தம்மாமுக்குக் கொண்டுபோவாய், கேம்ப்பில் எல்லோரும் புரட்டிப் பார்ப்பார்கள், ஒருவன் போட்டுக்கொடுத்தாலும் உன் வேலை போய்விடும் என்று ஒரு கணக்கு வாத்தியாரின் எச்சரிக்கையோடு விளக்கினேன். கல்யாணத்தை அப்பாவின் ஆசைப்படி குறித்த நாளில் நடத்தினோம் என்று சொல்லித் தப்பிக்கலாம், அப்பாவே மாலை போட்டுக்கொண்டு நின்றால் என்ன சொல்லுவீர்கள் என்று கேட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உன் அப்பாவும் ஆட்டினார். "சார் சொன்னா சரிதான்" என்றார்.

அதனால் லீமாவைக் கைபிடித்துக் கோவிலுக்குள் அழைத்துப் போனது பெரிய மாமன். உன் அப்பா வீடியோக்காரனின் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார். அந்தப் பையன் கை வலிக்கிறது என்று சொன்னானாம், இவர் வாங்கிக்கொண்டார். பூசை முடியும்வரை பிடித்திருந்தார். போன ஞாயிறு லீமா அந்த ஆல்பத்தை எடுத்துக் காட்டினாள். எல்லாப் படத்திலும் அவள் முகத்தில் நல்ல வெளிச்சம்.

பிறகு 2007. மாதா திருநாளுக்கு மறுநாள், வியாழக்கிழமை. கரைமடி வலை இழுத்துக்கொண்டிருந்தபோது உன் அப்பா கயிற்றை விட்டுவிட்டு மணலில் உட்கார்ந்திருக்கிறார். கூட இழுத்தவர்கள் விளையாட்டு என்று நினைத்து, "பிரேதம் எந்திலே" என்று கத்தியிருக்கிறார்கள். இதை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் இதை எழுதக் கை வரவில்லை. ஆனால் நாலு வருடமாக அந்தக் குரல் என் காதில் கேட்கிறது. அந்தப் பட்டத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தவன் நான் அல்லவா?

அன்று மாலை உன் மாமன்மார் என்னைத் தேடி வந்தார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையான மரணத்தை ஒரு கம்பெனிக்கு எழுத உட்கார்ந்தேன். எப்போதும் பத்து நிமிடத்தில் எழுதுகிறவன், அன்று ஒன்றரை மணி நேரம் எழுதினேன். உண்மைக்கு எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியவில்லை. எல்லாச் சொல்லையும் பொய்க்குச் செலவழித்திருந்தேன். அங்கே வியாழனும் வெள்ளியும் ஆபீஸ் கிடையாது. உன் அப்பாவை நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியின் குளிர் அறையில் வைத்தோம். வெள்ளிக்கிழமை இன்னொரு பேக்ஸ் அனுப்பினேன். இது நிஜம், தயவுசெய்து நம்புங்கள் என்று எழுதினேன். அந்த ஒரு வரியே போதும், எவனும் நம்பமாட்டான்.

சனிக்கிழமை காலை ராஜையன் பதிலைக் கொண்டுவந்து கொடுத்தான். மேற்படி ஊழியரின் தகப்பனார் 2005 ஏப்ரல் 18ஆம் தேதி காலமாகிவிட்டதாக எங்கள் பதிவில் உள்ளது, அதற்கான விடுப்பும் வழங்கப்பட்டுவிட்டது என்று இருந்தது. உன் மேனேஜரைக் குறை சொல்ல என்னால் முடியாது. அவர் நான் எழுதியதைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னார்.

அடுத்த அரை மணி நேரத்தில் நீ பூத்துக்குப் போன் செய்தாய். அந்தக் கேள்வியைக் கேட்டாய்.

இனிக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. பங்குத்தந்தை என்னைப் பார்த்தார், உன் மாமன்மார் என்னைப் பார்த்தார்கள். நீ வருவதற்காக மூன்று நாள் வைத்திருந்தோம், இனி எடுக்கலாம் என்றேன். பெட்டியின் தலைமாட்டில் வைக்கப் படம் கேட்டார்கள். ஆல்பத்தில் படம் இல்லை. ரேஷன் கார்டிலிருந்து வெட்டி எடுத்துப் பெரிதாக்கினார்கள். முகமே தெரியவில்லை. மகன் போட வேண்டிய மண்ணை லீமா போட்டாள். அவள் ஒரு பிடி போட்டுவிட்டு, இன்னொரு பிடி எடுத்து, "இது அண்ணனுக்கு" என்று போட்டாள்.

கம்பெனி அனுப்பிய அந்தப் பேக்ஸ் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அந்த வழுவழுப்பான தாளில் எழுத்து நிற்காது என்று ராஜையன் அப்போதே சொன்னான். வருடத்துக்கு வருடம் மங்கி இப்போது முழுவதும் வெள்ளையாகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஆனாலும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என்னால் வாசிக்க முடிகிறது. சில மத்தியானங்களில் நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வெள்ளைத்தாளில என்னத்த வாசிக்கிய?" என்று சொர்ணம்மாள் கேட்பாள்.

மறு வருடம் நீ வந்தாய். என் வீட்டுப் பக்கம் வரவில்லை. பஸ் ஸ்டாப்பில் எதிரெதிரே நின்றோம், நீ நாகர்கோவில் பஸ் வரும் திசையைப் பார்த்தாய். நீ செய்தது சரி.

இப்போது உன்னை லீவு மேசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எதற்காக என்று ஊகிக்க எனக்குப் பெரிய மூளை வேண்டாம். இந்த ஜில்லாக்காரர்களின் பொய் எது, நிஜம் எது என்று பிரித்துச் சொல்ல உன்னைவிடப் பொருத்தமான ஆள் யார்? பொய்யின் நாற்றத்தை மோப்பம் பிடிக்க உன்னை வைத்திருக்கிறார்கள். அந்த நாற்றத்தை உன் மூக்கில் முதலில் ஏற்றினவன் நான்.

பகவதியம்மாளிடம் முடியாது என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஊரையெல்லாம் கொன்னிய, என்னைய மட்டும் கொல்ல மாட்டேங்கிய" என்றாள். நான் வேறு எதுவும் தோன்றாமல், அனீஷ் போகும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டிக்குள் ஜாதகத்தோடு சேர்த்து வைத்திருந்தாள், கொண்டுவந்து தந்தாள். சாயங்காலம் முழுவதும் வாசித்தேன். ஒன்பதாவது பிரிவில் தெளிவாக இருக்கிறது: இருபத்துநாலு மாதம் வேலை செய்தால் அறுபது நாள் சம்பளத்துடன் விடுப்பு. காரணம் என்ற சொல்லே அந்தப் பிரிவில் இல்லை. யார் சாக வேண்டும் என்றும் எழுதவில்லை. தேதியை மட்டும் ஒரு மாதத்துக்கு முன்னால் சொல்ல வேண்டுமாம்.

முப்பத்தொரு பேரைக் கொன்ற பிறகு, அந்தக் கம்பெனிக் காகிதங்களில் ஒன்றை முழுவதும் நான் வாசித்தது அன்றுதான்.

2003இல் உன் ஒப்பந்தத்தையும் என்னிடம்தான் கொண்டுவந்தாய். பெயர், விலாசம், பிறந்த தேதி சரியா என்று மட்டும் பார்த்துக் கொடுத்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால், 2005 ஏப்ரலில் நான் எழுத வேண்டியது மரணச் செய்தி அல்ல என்று தெரிந்திருக்கும். ஒன்பதாவது பிரிவின்படி எனக்கு விடுப்பு வர வேண்டியிருக்கிறது, இன்ன தேதிக்குப் புறப்பட விரும்புகிறேன் என்று நீயே மேனேஜரின் முன்னால் நின்று சொல்ல, நாலு வரி எழுதித் தந்திருப்பேன். அவர் தந்திருப்பாரா, மாட்டாரா, எனக்குத் தெரியாது. தராமல் போயிருந்தாலும் உன் அப்பா உன் தங்கையைக் கைபிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போயிருப்பார்.

தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. தெரிந்தவன் நான். அரசாங்க உத்தியோகத்தில் அதற்கு ஈட்டிய விடுப்பு என்றே பெயர். உழைத்துச் சேர்த்தது என்று பொருள். 1988இல் நான் பத்து நாள் ஈட்டிய விடுப்பு கேட்டுத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். காரணம் என்ன எழுதுவது என்று தெரியாமல் விழித்தேன். அவர் கேட்டதும் வாயில் வந்தது, "வட்டக்கோட்டையில போய்ச் சும்மா உட்கார்ந்து கடலப் பாக்கணும் சார்" என்றேன். அவர் பேனாவை எடுத்தார். "அது உம்ம லீவு ஓய். கடலப் பாரும், கிணத்தப் பாரும், என்கிட்ட எதுக்கு ஒப்பிக்கீரு?" என்று கையெழுத்துப் போட்டார். நான் போய் உட்கார்ந்து கடலைப் பார்த்தேன். எனக்கு அப்படி ஒருவர் கையெழுத்துப் போட்டார். ஆனால் என்னிடம் வந்த பிள்ளைகளுக்கு, லீவு என்றால் பிணம் வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். நாங்கள் நாற்காலியில் உட்காருகிறவர்கள், நீங்கள் வெயிலில் நிற்கிறவர்கள், உங்களுக்கு உரிமை இருக்காது, இரக்கம்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன் போலிருக்கிறது. இதைவிடக் கேவலமாக ஒரு வாத்தியார் நினைக்க முடியாது.

உனக்கு உதாரணம் சொன்னால்தான் பிடிக்கும் என்று வகுப்பில் சொல்வாய். இங்கே இப்போது கன்னிப்பூ நெல் நாற்று பச்சைப் பசேல் என்று நிற்கிறது. ஆவணியில் அறுப்பார்கள். அரிவாளோடு வயலில் இறங்குகிறவனை வரப்பில் மறித்து, நீ எதற்காக அறுக்கிறாய், வீட்டில் யாராவது செத்தார்களா என்று எவனும் கேட்பதில்லை. விதைத்தான், தண்ணீர் கட்டினான், களை பிடுங்கினான், அறுக்கிறான். அனீஷ் முப்பத்தெட்டு மாதம் தண்ணீர் கட்டியிருக்கிறான்.

அவன் எதற்கு வரவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீ சர்டிபிகேட் கேட்பாய், அதனால் சர்டிபிகேட் இல்லாத விஷயம் ஒன்று. அவன் புறப்பட்ட ஐந்தாம் மாதம் பிறந்த பெண் ஆதிரா. உங்கள் கம்பெனி காலண்டர் ஒன்றை அவன் அனுப்பியிருக்கிறான், சுவரில் தொங்குகிறது. அதில் பெரிய மஞ்சள் கிரேன் ஒன்றின் படம். அவன் அங்கேதான் வேலை செய்கிறான் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். "உன் அப்பா எங்கே பிள்ளை?" என்று அவளிடம் கேட்டேன். ஓடிப்போய் அந்தக் கிரேனைத் தொட்டுக் காட்டினாள். போட்டோவைக் காட்டினால் மாமா என்கிறாள். இதற்கு எந்த ஆஸ்பத்திரியும் முத்திரை போட்டுத் தராது. போடாமலேயே நடக்க வேண்டிய காரியம் இது.

இன்னொன்று, இதுதான் அவசரம். இந்த மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவேன் என்று பகவதியம்மாள் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அங்கே டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் கம்ப்யூட்டரிலேயே செய்து தருகிறார்களாம். என் காலத்துப் பேக்ஸை விடச் சுத்தமான வேலை. அது உன் மேசைக்குத்தான் வரும். பார்த்த உடனே உனக்குத் தெரிந்துவிடும். நீ சும்மா விடமாட்டாய். அனீஷைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், இனி எந்தக் கம்பெனியும் எடுக்காது. ஒருவேளை உன் மனம் இளகி நீ அதை அனுமதித்தாலும், உங்கள் கம்பெனி ரிஜிஸ்டரில் பகவதியம்மாள் செத்துப்போனவள் ஆகிவிடுவாள். பிறகு அவளுக்கு ஒரு நாள் வரும். நம் எல்லோருக்கும் வருவதுதான். அன்று அனீஷ் யாரிடம் போய் நிற்பான்?

இந்தக் கடிதத்தோடு இன்னொரு உறை வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. உங்கள் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. 2005 ஏப்ரல் 18ஆம் தேதி வந்த செய்தி பொய், அதை எழுதியவன் நான், 2007 ஆகஸ்ட் 16ஆம் தேதி செய்திதான் உண்மை, ஞானையன் என்ற மனிதர் ஒரே ஒரு முறைதான் இறந்தார் என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கொடுத்தால் உனக்குத் தொந்தரவு வருமா, மரியாதை வருமா, எனக்குத் தெரியாது. இனி உனக்காக நான் எதையும் முடிவு செய்யக் கூடாது. கொடுப்பதும் கிழிப்பதும் உன் விருப்பம். கொடுக்காவிட்டாலும் ஒரு முறை வாசித்துப் பார். நான் எழுதிய மரணச் செய்திகளில் உன் அப்பாவுக்கு ஒழுங்காக எழுதியது அது ஒன்றுதான்.

என்னை மன்னிக்கும்படி இதில் எங்கேயும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அனீஷுக்கு லீவு கேட்டது அதற்கு ஒரு சாக்குபோல ஆகிவிடும். சொர்ணம்மாள் உன்னை விசாரித்து எழுதச் சொன்னாள். சாயா போடும்போதெல்லாம் உன் அப்பாவின் நினைவு வந்து, கூடுதலாக ஒரு டம்ளர் வைத்துவிடுவாள். கடல் உன்னையும் உன் வீட்டாரையும் காக்கட்டும். நீ கும்பிடுகிற மாதாவும் நான் கும்பிடுகிற அம்மனும் உன் கூட இருக்கட்டும்.

நீ ஊரையே மன்னிக்க வேண்டாம், கம்பெனிச் சட்டத்தை மாற்ற வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய்துபார். அனீஷ் மறுபடி அந்தப் பாரத்தோடு உன் மேசைக்கு முன்னால் வந்து நிற்கும்போது, எதற்கு என்று கேட்காதே. எந்தத் தேதிக்கு என்று மட்டும் கேள்.

இப்படிக்கு,
முத்துநாயகம்